கிலோவா, லிட்டரா?

செக்கு எண்ணெய்க் கடை ஒன்றில் நல்லெண்ணெய் கிலோ 400 ரூபாய். அடுத்த தெருக் கடையில் லிட்டர் 400 ரூபாய். இரண்டும் ஒரே தரம். எங்கே வாங்கினால் லாபம்?

புதிதாக ஒரு வகுப்புக்குப் போகும்போது நான் கரும்பலகையில் எழுதிப்போடும் முதல் கணக்கு இது. பாதிப் பேர் “ரெண்டும் ஒண்ணுதான் சார்” என்பார்கள். கடைக்குப் போய்வரும் பிள்ளைகள் சற்று யோசிப்பார்கள். சமையல் எண்ணெய்ப் பாக்கெட்டை எடுத்துப் பார்த்தால், 1 லிட்டர் என்று போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே 910 கிராம் என்று அச்சிட்டிருக்கும். லிட்டர் கணக்கில் வாங்குகிறவருக்குக் கிடைப்பது 910 கிராம். கிலோ கணக்கில் வாங்குகிறவருக்கு 1,000 கிராம், அதாவது கிட்டத்தட்ட 1,100 மில்லிலிட்டர். அதே காசுக்கு ஒரு சின்ன டம்ளர் எண்ணெய் கூடுதல்.

இந்தக் கணக்கில் ‘அடர்த்தி’ என்ற சொல்லே வரவில்லை. இருந்தும் இது அடர்த்திக் கணக்குதான். தூத்துக்குடியை ஒட்டிய உப்பளப் பகுதியில் அரசுப் பள்ளிக் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அறிவியல் ஆசிரியர் இடம் காலியாக இருந்த ஆண்டுகளில் அந்தப் பாடத்தையும் சேர்த்து எடுத்தேன். நிறை, கன அளவு, அடர்த்தி மூன்றும் வரும் வாக்கியக் கணக்குகளில் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை இரண்டு பாடத்தின் பக்கமிருந்தும் பார்க்க முடிந்தது.

அடர்த்தி என்பது நிறையைக் கன அளவால் வகுத்தது. இதை ஒப்பிக்கத் தெரியாத பிள்ளை அபூர்வம். ஒரு முக்கோணம் வரைந்து, மேலே நிறையும் கீழே மற்ற இரண்டும் எழுதி, வேண்டியதை விரலால் மூடி விடை காணும் வித்தையை டியூஷனிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். பெருக்குவதா வகுப்பதா என்று முக்கோணம் சொல்லும். வாக்கியத்தில் கிடக்கும் எண்களில் எது எந்த மூலைக்குப் போக வேண்டும் என்று அது சொல்லாது. பிள்ளைகள் சறுக்குவது அந்த இடத்தில்தான்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருந்தது. பலருடைய அப்பா அம்மா அளத்தில் வேலை பார்த்தவர்கள். பாடப்புத்தகத்தில் அடர்த்தியைப் படிப்பதற்கு முன்பே வீட்டில் ‘டிகிரி’ என்று கேட்டு வளர்ந்தவர்கள். வெயிலுக்குச் சொல்லும் டிகிரியோடு இதற்குச் சம்பந்தம் இல்லை. அந்துவான் போமே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1768இல் வகுத்த அளவுகோல் இது. அடியில் கனம் வைத்த கண்ணாடி மானியை உப்புத் தண்ணீரில் மிதக்க விடுவார்கள். தண்ணீரின் அடர்த்தி கூடக் கூட மானி மேலே எழும்பும். நல்ல தண்ணீருக்கு 0. கடல் தண்ணீருக்கு மூன்று, மூன்றரை. வெயிலில் காய்ந்து காய்ந்து 25 டிகிரியைத் தொட்டால் பாத்தியில் உப்பு விளையத் தொடங்கும். முப்பதை நெருங்கினால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசப்பு ஏறும் என்பதால், மிஞ்சிய தண்ணீரை வெளியேற்றிவிடுவார்கள்.

ஒருநாள் வகுப்பில் கேட்டேன்: “எலேய், ஒரு பக்கெட் கடல்தண்ணி, ஒரு பக்கெட் பாத்தித் தண்ணி. ரெண்டும் பத்து லிட்டர். எது கனம்?”

“பாத்தித் தண்ணிதான் சார். தூக்குனாலே தெரியுமே.”

“எவ்வளவு கூட இருக்கும்?”

வகுப்பு அமைதியாகிவிட்டது. தூக்கிப் பார்த்த கைக்குத் தெரிந்ததை எண்ணாக்க வேண்டும். போமே டிகிரியை அடர்த்தியாக மாற்ற எளிய வழி உண்டு: 145இலிருந்து டிகிரியைக் கழித்து, வந்ததைக் கொண்டு 145ஐ வகுக்க வேண்டும். மூன்றரை டிகிரிக்கு 1.025, 25 டிகிரிக்கு 1.208 என்று வரும். ஆக, கடல் தண்ணீர் பக்கெட் 10.25 கிலோ, பாத்தித் தண்ணீர் பக்கெட் 12.08 கிலோ. ஒரே பக்கெட்டில் இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவான வித்தியாசம். கன அளவு ஒன்று, நிறை வேறு என்பதற்கு அதன் பிறகு அந்த வகுப்பில் விளக்கம் தேவைப்படவில்லை.

வாக்கியக் கணக்கைக் கொடுத்ததும் பேனாவைக் கீழே வைக்கச் சொல்வது என் வழக்கம். எழுதும் முன் மூன்று கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்ல வேண்டும். கொடுத்த எண் தராசில் கிடைத்ததா, அளவுச் சாடியில் கிடைத்ததா? கதையில் ஏதோ நடக்கிறதே, உறைகிறது, உருகுகிறது, கலக்கிறது, அதில் எது மாறாமல் இருக்கிறது? கடைசியில் கேட்பது கிலோவையா, லிட்டரையா? மூன்றில் இரண்டாவது கேள்விதான் உயிர். அதற்குப் பதில் தெரிந்தால் சமன்பாடு தானாக எழுந்து நிற்கும்.

ஒரு லிட்டர் தண்ணீரை உறைய வைத்தால் பனிக்கட்டியின் கன அளவு என்ன? பனிக்கட்டியின் அடர்த்தி 0.917. பெருக்கிப் பழகிய கை 917 என்று எழுதிவிடும். மாறாதது எது என்று கேட்டுக்கொண்ட பிள்ளை நிறுத்திக்கொள்ளும். தண்ணீர் வெளியே போகவில்லை, உள்ளே வரவில்லை. நிறை அதே 1,000 கிராம். ஆயிரத்தை 0.917ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1,090 கன செ.மீ. குளிர்பெட்டியின் உறைநிலை அறையில் நிறைய நிரப்பி வைத்த பாட்டில் ஏன் வெடிக்கிறது என்பதற்கும் அதுவே விடை.

இதற்கு நேர் எதிரான கணக்கு சுவாமிமலையில் இருக்கிறது. ஸ்தபதி முதலில் மெழுகில் சிலையை உருவாக்குகிறார். அதன் மேல் மண் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை வெளியேற்றுகிறார். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை உருக்கி ஊற்றுகிறார். மெழுகு உரு 2 கிலோ என்றால் எவ்வளவு உலோகம் வேண்டும்? இங்கே நிறை மாறிவிடுகிறது; மாறாதது கன அளவு. மெழுகின் அடர்த்தி 0.96, உலோகக் கலவையின் அடர்த்தி 8.6 என்று எடுத்துக்கொண்டால், இரண்டை 0.96ஆல் வகுத்து 8.6ஆல் பெருக்க வேண்டும். கிட்டத்தட்ட 18 கிலோ வரும். வார்க்கும்போது வாய்க்காலில் தங்கும் உலோகம் தனி. மெழுகை நிறுத்தே உலோகத்தின் தேவையைச் சொல்லிவிடலாம். சிலையின் வளைவு நெளிவுகளை அளக்க எந்தச் சூத்திரமும் வேண்டாம்.

பனிக்கட்டிக் கணக்கையும் சிலைக் கணக்கையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் போடுவேன். இரண்டிலும் ‘உறைதல்’ வருகிறது. ஒன்றில் நிறை நிலையானது, மற்றதில் கன அளவு நிலையானது. சொல்லைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுக்கும் பழக்கத்தை இந்த ஜோடி முறித்துவிடும். பத்தாம் வகுப்பு அளவியலில் உலோகக் கோளத்தை உருக்கி உருளையாக்கும் கணக்குகள் வரும். கன அளவுகளைச் சமமாக்கு என்று பிள்ளைகள் மனப்பாடமாகச் செய்வார்கள். உண்மையில் சமமாவது நிறை. ஒரே உலோகம், ஆகவே ஒரே அடர்த்தி. அதனால் கன அளவும் சமமாகிறது. இந்த ஒரு வரியைச் சொல்லாமல் அந்தப் பாடத்தைக் கடந்துபோகக் கூடாது.

பெட்ரோல் பங்க்கும் நல்ல பாடம். அங்கே அடர்த்தியை மானி வைத்துப் பார்த்து, வெப்பநிலையையும் குறித்து, 15 டிகிரி செல்சியஸில் எவ்வளவு இருக்கும் என்று மாற்றிப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். பெட்ரோல் என்றால் கன மீட்டருக்கு 720 முதல் 775 கிலோவுக்குள் இருக்க வேண்டும். ஏன் 15 டிகிரிக்கு மாற்ற வேண்டும்? வெயிலில் பெட்ரோல் விரிகிறது. நிறை அப்படியே இருக்கக் கன அளவு கூடுகிறது, அடர்த்தி குறைகிறது. காலையில் எடுத்த எண்ணையும் மதியம் எடுத்த எண்ணையும் ஒப்பிட வேண்டுமானால் இரண்டையும் ஒரே வெப்பநிலைக்குக் கொண்டுவர வேண்டும். அடர்த்தியைக் காட்டச் சொல்லிக் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு என்பதையும் வகுப்பில் சேர்த்தே சொல்லிவிடுவேன்.

அடுத்த பள்ளம் அலகு மாற்றம். மீட்டரிலிருந்து சென்டிமீட்டருக்கு நூறால் பெருக்க வேண்டும் என்று பழகியவர்கள், கன மீட்டருக்கும் அதே நூறைப் போடுவார்கள். இதற்குக் கரும்பலகை போதாது. மீட்டர் நீளக் குச்சிகள் பன்னிரண்டை மூலைகளில் கட்டி ஒரு கூண்டு செய்து வகுப்பின் நடுவில் நிறுத்துவோம். பிள்ளைகள் உள்ளே போய் உட்காரலாம். “இது நிறையத் தண்ணீர் ஊற்றினால் எத்தனை கிலோ?” என்று கேட்டால் நூறு, இருநூறு என்று குரல்கள் வரும். பத்து செ.மீ. பக்கமுள்ள ஒரு அட்டைப் பெட்டியை, ஒரு லிட்டர் பிடிக்கும் பெட்டியை, கூண்டின் மூலையில் வைப்பேன். அடியில் ஒரு வரிசைக்குப் பத்து, பத்து வரிசைக்கு நூறு, பத்து அடுக்குக்கு ஆயிரம். ஆயிரம் லிட்டர், ஆயிரம் கிலோ, ஒரு டன். கன செ.மீட்டருக்கு இத்தனை கிராம் என்பதைக் கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று மாற்ற ஏன் ஆயிரத்தால் பெருக்குகிறோம் என்பது அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்தவர்களுக்கு மறப்பதில்லை. அலுமினியம் 2.7 என்றாலும் 2,700 என்றாலும் ஒன்றுதான் என்று பிறகு நம்புவார்கள். மாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி வைத்த வீட்டுப் பிள்ளை, தலைக்கு மேல் ஒரு டன் நிற்கிறது என்பதை அன்றைக்கு வீட்டில் போய்ச் சொல்லியிருக்கும்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோவாக இருப்பது தற்செயலாக அமைந்தது இல்லை. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் மெட்ரிக் அளவுகளை வகுத்தவர்கள் தண்ணீரை வைத்தே கிராமை நிர்ணயித்தார்கள். 1901 முதல் 1964 வரை லிட்டருக்கே ‘ஒரு கிலோ தண்ணீரின் கன அளவு’ என்றுதான் இலக்கணம். ஆயிரம் கன செ.மீட்டரை விட அது மயிரிழை அதிகம். இந்தப் பொருத்தத்தால்தான் மழைக் கணக்கு அத்தனை சுலபம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். பத்து மில்லிமீட்டர் மழைக்கு 930 லிட்டர் விழும். தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்ட பிறகு, வீட்டுக்கு வீடு இந்தக் கணக்கைப் போட வைக்க எனக்கு நல்ல சாக்கு கிடைத்தது.

கலவைக் கணக்குதான் எல்லாவற்றிலும் வளமானது. உப்பளத்துப் பிள்ளைகளுக்கு அதை உப்பிலேயே காட்டலாம். அளவுச் சாடியில் 500 மில்லிலிட்டர் தண்ணீர். தராசில் 180 கிராம் உப்பு. உப்புப் பரலின் அடர்த்தி 2.16, ஆக அதன் கன அளவு 83 மில்லிலிட்டர். கரைத்த பிறகு சாடி எதைக் காட்டும்? 583 என்று எல்லோரும் எழுதுவார்கள். கரைத்துப் பார்த்தால் 567ஐ ஒட்டி நிற்கும். பதினாறு மில்லிலிட்டர் எங்கே போயிற்று என்று சாடியைச் சுற்றித் தேடுவார்கள். தராசில் வைத்தால் சரியாக 680 கிராம். ஒரு கிராம்கூடத் தொலையவில்லை. தண்ணீர் மூலக்கூறுகள் உப்பின் அயனிகளைச் சுற்றி நெருக்கி அமர்ந்துகொள்வதால் இடம் சுருங்குகிறது. கலக்கும்போது நிறையைத் தயங்காமல் கூட்டலாம்; கன அளவைக் கூட்ட வேண்டுமானால் கணக்கு அனுமதி தந்திருக்க வேண்டும். ‘கன அளவில் மாற்றம் இல்லை எனக் கொள்க’ என்று வினாத்தாளில் ஒரு வரி வருவதன் அர்த்தம் இந்த ஒரு சாடியில் விளங்கிவிடும்.

கலவையின் அடர்த்தியைக் கேட்டால் இரண்டு அடர்த்திகளுக்குச் சராசரி எடுப்பது அடுத்த தவறு. 22 காரட் நகையை எடுத்துக்கொள்வோம். எடையில் 24 பங்குக்கு 22 பங்கு தங்கம். மீதி 2 பங்கும் செம்பு என்று வைத்துக்கொள்வோம். வெள்ளி சேர்ப்பதும் உண்டு. ஒரு பவுன், 8 கிராம். தங்கம் 7.33 கிராம், அதை 19.3ஆல் வகுத்தால் 0.380 கன செ.மீ. செம்பு 0.67 கிராம், 8.96ஆல் வகுத்தால் 0.074. மொத்தம் 0.454. எட்டை இதனால் வகுத்தால் அடர்த்தி 17.6. பங்கு விகிதப்படி நேரடியாகச் சராசரி எடுத்தவர்களுக்கு 18.4 வரும். பங்குகள் கன அளவில் கொடுக்கப்பட்டிருந்தால் அந்தச் சராசரி சரி. எடையில் கொடுத்திருக்கும்போது அது தவறு. போகும்போது மணிக்கு 40, வரும்போது 60 கிலோமீட்டர் என்ற கணக்கில் சராசரி வேகம் 50 என்று எழுதுகிறவர்களும் இதே பள்ளத்தில் விழுந்தவர்கள்தான். அங்கே விடை 48.

இந்த இடத்தில் ஆர்க்கிமிடீஸ் வராமல் இருக்க மாட்டார். சிராக்கூஸ் மன்னரின் கிரீடத்தைத் தண்ணீரில் அமிழ்த்தி, வழிந்த தண்ணீரை அளந்து கலப்படத்தைக் கண்டுபிடித்தார் என்பது ரோமானியர் விட்ருவியஸ் எழுதிவைத்த கதை. கதையைச் சொல்லிவிட்டுச் சந்தேகத்தையும் கிளப்புவேன். ஒரு பவுன் மோதிரம் அரை மில்லிலிட்டர் தண்ணீரைக்கூட வெளியேற்றாது. பள்ளிக்கூட அளவுச் சாடியில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் அது தொலைந்துவிடும். கிரீடம் பெரிதுதான், ஆனால் கலப்படத்தால் வரும் வித்தியாசம் சிறிது. கலிலியோ 1586இல் ஒரு சிறு நூலில் இதைத்தான் எடுத்துச்சொன்னார். தண்ணீரை அளப்பதை விட, பொருளைக் காற்றிலும் தண்ணீருக்குள்ளும் தராசில் நிறுப்பது நுட்பமானது என்று அதற்கொரு தராசையும் விவரித்தார். சாடியை விடத் தராசு நம்பகமானது என்பதை எங்கள் வகுப்பறைச் சாமான்களை வைத்தே பிள்ளைகள் உணர முடியும்.

குவியல் கணக்கு இன்னொரு ரகம். பாத்தியிலிருந்து வாரி அம்பாரமாகக் குவித்த உப்பு, கூம்பு வடிவம். அடி விட்டம் 6 மீட்டர், உயரம் 2 மீட்டர் என்றால் கன அளவு 18.85 கன மீட்டர். எத்தனை டன்? உப்பின் அடர்த்தி 2.16 என்று புத்தகத்தில் பார்த்துப் பெருக்கினால் 40 டன்னுக்கு மேல் வரும். அளத்தில் வளர்ந்த பிள்ளை சிரிக்கும். 2.16 என்பது பரலுக்குள் இருக்கும் அடர்த்தி. குவியலில் பரலுக்கும் பரலுக்கும் நடுவே காற்று நிற்கிறது. ஒரு லிட்டர் டப்பாவில் தலைதட்டி அள்ளி நிறுத்தால் கிடைப்பதே குவியல் அடர்த்தி. அது 1.2 கிலோ என்று வைத்துக்கொண்டால் அம்பாரம் 22.6 டன்தான். கொடுத்திருக்கும் அடர்த்தி பொருளுடையதா, குவியலுடையதா என்று பார்ப்பதும் வாக்கியத்தை வாசிப்பதில் சேர்ந்ததுதான். ஆற்று மணலை நூறு கன அடி கொண்ட யூனிட் கணக்கில் வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும். லேசாக ஈரமான மணல் உப்பி அதிக இடம் பிடிக்கும். அதே யூனிட்டில் உள்ள மணல் குறையும். கொத்தனார்கள் இதை அனுபவத்தில் அறிவார்கள்.

படித்து முடித்துக் கம்பி கட்டும் வேலைக்குப் போன பழைய மாணவன் ஒருவன் பேருந்து நிறுத்தத்தில் பிடித்துக்கொண்டான். “சார், கம்பி எடைக்கு விட்டத்தை விட்டத்தாலே பெருக்கி 162ஆலே வகுக்கிறோம். அந்த 162 எங்கேயிருந்து சார் வருது?” அங்கேயே நின்று போட்டுக் காட்டினேன். விட்டம் மில்லிமீட்டரில், குறுக்குவெட்டுப் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பையால் பெருக்கி நான்கால் வகுத்தது. ஒரு மீட்டர் நீளம். சதுர மில்லிமீட்டரைச் சதுர மீட்டராக்கப் பத்து லட்சத்தால் வகுக்க வேண்டும். எஃகின் அடர்த்தி 7,850ஆல் பெருக்க வேண்டும். மாறாத எண்களை எல்லாம் ஒன்றுசேர்த்தால் 0.006165, அதன் தலைகீழி 162. பன்னிரண்டு மில்லிமீட்டர் கம்பிக்கு 144ஐ 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு 0.89 கிலோ. தினமும் அவன் போடுவது அடர்த்திக் கணக்குதான் என்று சொன்னேன். “இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நல்லாப் படிச்சிருப்பேனே சார்” என்றான். அந்தப் பகடியில் நியாயம் இல்லாமல் இல்லை.

விடை வந்த பிறகு சரிபார்க்க ஒரு வழி உண்டு: தண்ணீரோடு வைத்துப் பார்ப்பது. இரும்புக்கு 0.78 என்று வந்தால் இரும்பு மிதக்க வேண்டும். கட்டைக்கு 6 என்று வந்தால் அது கல்லை விடக் கனம். எண்ணெய் ஒன்றுக்குக் கீழே, பால் ஒன்றுக்குச் சற்று மேலே, இரும்பு எட்டுக்குப் பக்கத்தில், பாதரசம் 13.6, தங்கம் 19.3. இந்த ஐந்தாறு எண்கள் மனதில் இருந்தால், தசமப் புள்ளி இடம் மாறிய விடை தானே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. முக்கோணத்தை வரைந்து கொடுப்பதற்கு முன் ஒரு தராசையும் ஒரு அளவுச் சாடியையும் மேசையில் வையுங்கள். வீட்டில் என்றால் மளிகைக் கடைத் தராசும் லிட்டர் பாட்டிலும் போதும். எண்ணெயை நிறுத்து அளக்கச் சொல்லுங்கள். உப்பைக் கரைத்து அளக்கச் சொல்லுங்கள். அரிசியைப் படியில் அளந்து நிறுக்கச் சொல்லுங்கள். பிறகு கணக்கைக் கொடுங்கள். தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளுக்கு: முதல் வாசிப்பில் எண்ணைப் பார்க்காதீர்கள், அலகைப் பாருங்கள், எது மாறவில்லை என்று கண்டுபிடித்துவிட்டுப் பேனாவை எடுங்கள். அடர்த்திக் கணக்கில் மதிப்பெண் போவது பெரும்பாலும் அந்த ஒரு நிமிட அவசரத்தில்தான்.